எலியின் நடமாட்டத்தை எண்ணும் கணனியும் எண்ணப்படாத தொழிலாளியின் தளர்ச்சியும்

வலப்பனைப் பிரதேசத்தின் இராகலை, உடப்புசல்லாவை மலைச்சரிவுகளில் அதிகாலைப் பெரட்டு முடிந்ததும் கொழுந்துக் கூடைகள் ஒரு பக்கமாகவும் மருந்துத் தாங்கிகள் மறு பக்கமாகவும் பிரிந்து செல்லும் காட்சி எமக்குப் புதியதன்று. ஒரு காலத்தில் சுரண்டி கொண்டு புல் வெட்டிய மலைகளில் பின்னர் களைநாசினி தெளிக்கப்படலாயிற்று. தோட்ட எல்லையைத் தாண்டினால் உருளைக்கிழங்கு, லீக்ஸ், கோவா, கரட் விளையும் மரக்கறிக் காணிகள். அங்கும் பூச்சிநாசினியும் பங்கசுநாசினியும் இன்றி விளைச்சல் இல்லை என்றாகிவிட்டது. மருந்தடித்து மாலையில் லயத்துக்குத் திரும்புபவர் தலை சுற்றுகின்றது, கை நடுங்குகின்றது, கால் தளர்கின்றது என்று கூறுவார். வீட்டார் தேநீர் கொடுத்துப் படுக்க விடுவார்கள். மறுநாள் காலையில் அவர் மீண்டும் பெரட்டுக்குப் போவார். அந்தத் தளர்ச்சி எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை.

ஆனால், அதே மருந்தை உட்கொண்ட எலியின் தளர்ச்சி எங்கோ ஓர் ஆய்வுகூடத்தில், ஒரு கணனியில், நிமிடக் கணக்கில் பதிவு செய்யப்பட்டிருக்கின்றது. அது எத்தனை சென்ரிமீற்றர் நடந்தது, எத்தனை தடவை பின்னங்கால்களில் எழுந்து நின்றது, எப்போது ஓய்ந்தது என்பதெல்லாம் எண்களாக உள்ளன. ஒரு கிருமிநாசினி நரம்பு மண்டலத்தைப் பாதிக்குமா என்பதைத் தீர்மானிக்கும் சான்றுகளுள் இவ்வெண்களும் அடங்குகின்றன. அவை எவ்வாறு பெறப்படுகின்றன, எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதை மலையக மக்களும், மரக்கறிச் செய்கையாளர்களும், நகரங்களில் விவசாய மருந்துக் கடை நடத்தும் எமது தமிழ், முஸ்லிம் வர்த்தகர்களும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

கடந்த ஆண்டுகளில் இந்நாட்டில் விவசாய இரசாயனங்கள் பற்றி எழுந்த வாதங்களுக்குக் குறைவில்லை. 2015 ஆம் ஆண்டு கிளைபோசேற் களைநாசினி தடை செய்யப்பட்டது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அது மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2021 இல் இரசாயன உரம், கிருமிநாசினி அனைத்தினதும் இறக்குமதி ஒரேயடியாக நிறுத்தப்பட்டு, அதே ஆண்டின் இறுதியில் அம்முடிவு கைவிடப்பட்டது. 2022 இல் கிளைபோசேற் மீதான தடையும் நீங்கியது. இவ்வளவு அமளிக்கு நடுவிலும் ஓர் இரசாயனத்தின் தீங்கு எவ்வாறு அளக்கப்படுகின்றது என்ற அடிப்படைக் கேள்வியைப் பொதுமக்களுக்கு விளக்க எவரும் முன்வரவில்லை. தடை வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் தத்தம் நிலையில் நின்று குரல் எழுப்பினார்களே தவிர, அளவுகோலை எவரும் எடுத்துக் காட்டவில்லை.

முதலில் மருந்துப் போத்தலைக் கவனிப்போம். அதன் அடிப்பகுதியில் ஒரு நிறப்பட்டை இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடியது, பச்சை என்றால் ஆபத்துக் குறைந்தது என்று பலரும் அறிவர். உலக சுகாதார ஸ்தாபனம் 1975 ஆம் ஆண்டிலிருந்து கையாண்டுவரும் வகைப்படுத்தலை ஒட்டியது அது. அந்த வகைப்படுத்தலுக்கு அடிப்படையாக இருப்பது, பரிசோதிக்கப்படும் விலங்குகளில் சரிபாதியைக் கொல்லத் தேவையான அளவு எவ்வளவு என்ற கணக்காகும். பிரித்தானிய மருந்தியலாளரான ட்ரெவன் 1927 இல் இம்முறையை முன்வைத்தார். ஆகவே போத்தலின் நிறம் எமக்குச் சொல்வது, அதை ஒரே தடவையில் எவ்வளவு உட்கொண்டால் மரணம் நேரும் என்பதையே. சிறிது சிறிதாக, மாதக்கணக்கில், தோலின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் உட்புகும் மருந்து நரம்புகளை என்ன செய்யும் என்பதை அந்த நிறம் சொல்லாது. நீலப் பட்டையோ பச்சைப் பட்டையோ உள்ள மருந்து என்பதற்காகக் கையுறையைக் கழற்றி வைப்பவர் இந்த வேறுபாட்டை அறியாதவராவார்.

மரணத்தை எண்ணுவது எளிது. தளர்ச்சியை எண்ணுவதே கடினம். எலி தனக்குத் தலை சுற்றுகின்றது என்று வாய் திறந்து சொல்லப்போவதில்லை. எனவே அதன் நடமாட்டத்தை எண்ணி, அதிலிருந்து அதன் நரம்புகளின் நிலையை ஊகிக்கும் வழியை விஞ்ஞானிகள் நாடினார்கள்.

இம்முயற்சிக்கு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1898 இல் அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டுவர்ட் என்பவர் எலியைச் சுழலும் சக்கரத்தினுள் ஓடவிட்டு, சுற்றுகளை எண்ணினார். 1922 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேர்ட் ரிக்டர் எலிகளின் தன்னிச்சையான இயக்கத்தைப் பற்றிய விரிவான ஆய்வை வெளியிட்டார். 1934 இல் கல்வின் ஹோல் திறந்த அரங்கு முறையை அறிமுகப்படுத்தினார். வெளிச்சமான ஒரு வெளியில் எலியை விட்டு, அது எங்கெங்கு செல்கின்றது, எவ்வளவு அஞ்சுகின்றது என்று கவனிக்கும் முறை அது. பிற்காலத்தில் அத்தகைய அரங்குகளின் தரையில் கட்டங்கள் வரையப்பட்டு, எலி எத்தனை கட்டங்களைக் கடந்தது என்பதை ஒருவர் பக்கத்தில் அமர்ந்து கையால் குறித்து வந்தார். இதில் இரண்டு குறைகள் இருந்தன. ஒருவர் எண்ணியதை இன்னொருவர் எண்ணினால் வேறு தொகை வரும். அத்துடன், பார்த்துக் கொண்டிருக்கும் மனிதரைக் கண்டும் எலி தன் நடத்தையை மாற்றிக் கொள்ளும்.

கணனி இவ்விடத்திலேதான் புகுந்தது. இன்று பரவலாகப் பயன்படும் சாதனம் ஒரு பக்கம் ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர் நீளமுள்ள, ஒளி ஊடுருவும் சதுரப் பெட்டியாகும். அதன் ஒரு சுவரில் வரிசையாகச் செங்கீழ்க் கதிர்களை வெளியிடும் சிறு விளக்குகள், எதிர்ச் சுவரில் அவற்றை உணரும் கருவிகள். இக்கதிர்கள் எமது கண்ணுக்கும் தெரியா, எலியின் கண்ணுக்கும் தெரியா. எலி நடக்கும்போது அதன் உடல் கதிரை மறைக்கின்றது. எந்தக் கதிர் எந்தக் கணத்தில் மறைந்தது என்பதைக் கணனி ஒரு விநாடிக்குப் பல தடவை பார்த்துப் பதிவு செய்கின்றது. அடுத்தடுத்த கதிர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தால் எலி நடந்து செல்கின்றது என்று பொருள். ஒரே கதிர் திரும்பத் திரும்ப மறைந்தால் அது நின்ற இடத்திலேயே உடலை நக்கிச் சுத்தம் செய்கின்றது, அல்லது தலையை ஆட்டிக் கொண்டிருக்கின்றது எனலாம். சற்று உயரத்தில் உள்ள இன்னொரு வரிசைக் கதிர் மறைந்தால் எலி பின்னங்கால்களில் எழுந்து நின்று நோட்டமிடுகின்றது என அறியலாம். சுவரோரமாக எவ்வளவு நேரம், நடுவெளியில் எவ்வளவு நேரம் என்ற கணக்கும் கிடைக்கின்றது. அஞ்சிய எலி நடுவெளிக்கு வராது.

1990 களிலிருந்து இன்னொரு முறையும் வளர்ந்தது. பெட்டிக்கு மேலே வீடியோ கமெரா பொருத்தப்பட்டு, எலியின் உருவம் பின்னணியிலிருந்து பிரித்தறியப்பட்டு, அது சென்ற பாதை கோடாக வரையப்படுகின்றது. 2018 இல் வெளிவந்த டீப்லாப்கட் என்ற மென்பொருள் எலியின் மூக்கு, காது, பாதம், வால் நுனி ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பின்தொடரும் ஆற்றலைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு வழங்கியது. அது இலவசமாகக் கிடைப்பதும், சாதாரணக் கமெராவுடன் இயங்கக் கூடியதும் குறிப்பிடத்தக்கது. பெருஞ்செலவில் வாங்கும் இயந்திரம் இல்லை என்பதற்காக எமது பல்கலைக்கழகங்கள் இத்துறையிலிருந்து ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை என்பதை இங்கு சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

இயந்திரம் தரும் எண்ணை எவ்வாறு படிப்பது? அதிகம் நடந்தால் நலம், குறைவாக நடந்தால் நோய் என்று எளிதில் முடிவு கட்டிவிட முடியாது. அம்பெற்றமைன் போன்ற கிளர்ச்சியூட்டும் மருந்து கொடுத்தால் எலியின் நடமாட்டம் பன்மடங்கு கூடும். உறக்க மருந்து கொடுத்தால் குறையும். இரண்டும் நரம்பில் ஏற்பட்ட மாற்றங்களே. கூட்டலும் ஓர் அறிகுறி, குறைவும் ஓர் அறிகுறி.

இதைவிட நுட்பமானது பழகிப் போதல் என்னும் பண்பாகும். ஆரோக்கியமான எலியைப் புதிய பெட்டியில் விட்டால் முதற் பத்து நிமிடங்களில் மூலை முடுக்கெல்லாம் சுற்றி முகர்ந்து பார்க்கும். பிறகு இடம் பழகிவிடும். நடமாட்டம் படிப்படியாகக் குறைந்து, இறுதியில் ஒரு மூலையில் சுருண்டுவிடும். மருந்து கொடுக்கப்படாத எலிகள் சோதனை நேரத்தின் கடைசி ஐந்தில் ஒரு பங்கில் இவ்வாறு ஓய்ந்து விடும் அளவுக்குச் சோதனை நீடிக்க வேண்டும் என்று அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவர் நிலையத்தின் வழிகாட்டி கூறுகின்றது. நரம்பு பாதிக்கப்பட்ட எலிக்கு இடம் பழகுவதில்லை. ஒரு மணி நேரத்துக்குப் பின்னரும் முதன்முறை வந்தது போலவே அலைந்து கொண்டிருக்கலாம். மொத்த நடையின் தொகையை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு புலப்படாது. நிமிட வாரியாகப் பார்ப்பவருக்கே புலப்படும்.

கிருமிநாசினிகளைப் பொறுத்தவரை இச்சோதனை விஞ்ஞானிகளின் ஆர்வத்துக்காக மட்டும் செய்யப்படுவதன்று. அமெரிக்க முகவர் நிலையத்தின் 1998 ஆம் ஆண்டு வழிகாட்டியும், பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி ஸ்தாபனம் 1997 இல் ஏற்றுக்கொண்ட 424 ஆம் இலக்க வழிகாட்டியும் நரம்பு நச்சுத்தன்மைச் சோதனையில் எலிகளின் நடமாட்டத்தைத் தன்னியக்கக் கருவி கொண்டு அளக்குமாறு கூறுகின்றன. மருந்து கொடுக்கப்படாத ஒரு குழுவும், வெவ்வேறு அளவில் மருந்து கொடுக்கப்படும் மூன்று குழுக்களும், ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 ஆண் எலி, 10 பெண் எலி என்பது வழக்கம். ஆக, ஒரு சோதனைக்கு 80 எலிகள். கருவிலும் பாலூட்டும் பருவத்திலும் தாயின் வழியாக மருந்தைப் பெற்ற குட்டிகளைச் சோதிக்கும் வேறொரு வழிகாட்டியும் உண்டு. அதன்படி குட்டிகளின் நடமாட்டம் பிறந்து 13, 17, 21 ஆம் நாட்களிலும், ஏறக்குறைய 60 ஆம் நாளிலும் அளக்கப்படுகின்றது. கர்ப்பிணியாக இருந்து கொண்டே மலையேறிக் கொழுந்து பறிக்கும் தாய்மார் வாழும் எமது பிரதேசத்துக்கு இந்தக் குட்டி எலிகளின் கணக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எந்த அளவில் எலிகளிடம் எவ்வித மாற்றமும் தென்படவில்லையோ, அந்த அளவை எடுத்து நூறால் வகுப்பது பொது வழக்கம். எலியிலிருந்து மனிதனுக்கு வருவதற்கு ஒரு பத்து, மனிதருக்குள் பலவீனரையும் காப்பதற்கு இன்னொரு பத்து. எலியின் உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் வரை மாற்றமில்லை என்றால், மனிதருக்கு ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று கணக்கிடுவார்கள். பாதுகாப்பான அளவு என்று நாம் கேள்விப்படும் சொல்லின் பின்னணி இதுவே. எலிப் பெட்டியில் ஒரு மாற்றம் கவனிக்கப்படாமல் போனால் அந்தப் பிழை இந்தக் கணக்கு முழுவதிலும் தொடரும்.

கவனிக்கப்படாமல் போவதற்கு வாய்ப்புகளும் ஏராளம். முதலாவது, நேரம். எலி இரவு விலங்கு. பகலில் சோதித்தால் அது உறங்கும் நேரத்தில் எழுப்பிவிட்டு ஏன் ஓடவில்லை என்று கேட்பது போலாகும். உயிரினங்களின் நடமாட்டத்துக்கு உள்ளே ஒரு கடிகாரம் இருப்பதைக் காட்டிய ஆய்வுகளில் எமது தமிழுலகுக்கும் பங்குண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் அவரது மாணவர்களும் தென்னிந்திய வயல்களில் வாழும் சிறு சுண்டெலிகளைச் சக்கரங்களில் ஓடவிட்டு, தொடர்ச்சியான இருளிலும் அவை ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒரு தடவை தம் நடமாட்டத்தைத் தொடங்கி முடிப்பதை ஆராய்ந்தார்கள். சமணர் மலைக் குகையில் கூண்டில் அடைக்கப்பட்ட வௌவால்கள் சூரியனைக் காணாமலேயே, தம்மைச் சுற்றியிருந்த வௌவால் கூட்டம் வெளியே போய் வருவதைக் கொண்டு நேரத்தை அறிந்து கொண்டன என்பதை அவர்கள் 1981 இல் வெளியிட்டார்கள். பழ ஈக்களின் நடமாட்டத்தைச் செங்கீழ்க் கதிர்களால் அளந்து அமெரிக்காவில் 1971 இல் தொடங்கிய ஆராய்ச்சி வழியே பின்னர் 2017 இன் மருத்துவ நோபல் பரிசுக்கும் இட்டுச் சென்றது. எந்த மணிக்கு எண்ணினோம் என்பது எவ்வளவு எண்ணினோம் என்பதற்குச் சற்றும் குறைந்ததன்று.

இரண்டாவது, இடம். 1999 இல் வெளியான ஓர் ஆய்வு இத்துறையினரையே திகைக்க வைத்தது. அமெரிக்காவின் அல்பனி, போர்ட்லண்ட், கனடாவின் எட்மன்டன் ஆகிய மூன்று நகரங்களில் உள்ள ஆய்வுகூடங்களில் ஒரே இனச் சுண்டெலிகள், ஒரே வகைப் பெட்டி, ஒரே வயது, ஒரே நேரம் என்று இயன்ற அனைத்தும் ஒன்றாக வைக்கப்பட்டன. இருந்தும் நடமாட்டத்தின் அளவு ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் வேறுபட்டது. ஆண் ஆய்வாளரின் உடல் வாடையே எலிகளுக்கு மன அழுத்தத்தை உண்டாக்குகின்றது என்று 2014 இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தினர் தெரிவித்தார்கள். கதவடைக்கும் ஓசை, விளக்கின் வெளிச்சம், கூண்டைக் கழுவிய நாள் எல்லாம் எண்ணை அசைக்கக் கூடியவை.

மூன்றாவது, காரணம். எலி நடக்கவில்லை என்பதைக் கணனி சொல்லும். ஏன் நடக்கவில்லை என்பதைச் சொல்லாது. நரம்பு தளர்ந்ததாலா, வயிற்று வலியாலா, பசியாலா என்பதைக் கண்டறிய வேறு சோதனைகளும், எலியைக் கையிலெடுத்துப் பார்க்கும் அனுபவமிக்க கண்ணும் வேண்டும். இதனால்தான் மேற்சொன்ன வழிகாட்டிகள் கணனியின் எண்ணிக்கையோடு பயிற்சி பெற்ற ஒருவரின் நேரடி அவதானிப்பையும், நரம்புத் திசுக்களின் பரிசோதனையையும் சேர்த்தே கேட்கின்றன.

இவையனைத்தும் விஞ்ஞானத்தின் இயல்பான சிக்கல்கள். காலப்போக்கில் திருத்திக் கொள்ளக் கூடியவை. எமக்குப் பெரிதும் கவலையளிப்பது வேறொன்று. எண்ணப்பட்டவை எல்லாம் எல்லோருக்கும் காட்டப்படுவதில்லை என்பதே அது.

இச்சோதனைகளுக்குப் பணம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அந்த மருந்தை விற்கும் கம்பனிகளே. 2018 ஆம் ஆண்டில் சுவீடன், அமெரிக்க விஞ்ஞானிகள் சிலர் குளோர்பைரிபொஸ் என்ற பூச்சிநாசினி தொடர்பாக உற்பத்தியாளர் தரப்பு முன்னர் சமர்ப்பித்த எலிக்குட்டி ஆய்வின் மூலத் தரவுகளைப் பெற்று மீண்டும் கணித்தார்கள். குட்டிகளின் மூளை வளர்ச்சியில் மாற்றங்கள் தென்பட்டிருந்தும் அறிக்கையின் முடிவுரையில் அவை இடம்பெறவில்லை என்று அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். 2020 இல் ஐரோப்பிய ஒன்றியம் அம்மருந்துக்கான அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. 2023 இல் சுவீடன் விஞ்ஞானிகள் வெளியிட்ட இன்னொரு ஆய்வு மேலும் அதிர்ச்சி தருவது. அமெரிக்க முகவர் நிலையத்திடம் சமர்ப்பிக்கப்பட்டிருந்த, எலிக்குட்டிகளின் நரம்பு வளர்ச்சி தொடர்பான 35 கிருமிநாசினி ஆய்வுகளை அவர்கள் எடுத்துப் பார்த்தபோது, அவற்றில் 9 ஆய்வுகள் ஐரோப்பிய அதிகாரிகளிடம் சமர்ப்பிக்கப்படவேயில்லை என்பது தெரிய வந்தது. ஒரு கண்டத்தில் காட்டப்பட்ட எலியின் கணக்கு மற்றொரு கண்டத்தில் மறைக்கப்பட்டது. ஐரோப்பாவுக்கே இந்த நிலை என்றால் எம்மைப் போன்ற சிறிய நாடுகளின் நிலை என்ன?

எமது நாட்டில் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த பீடைகொல்லிப் பதிவாளரின் அனுமதியின்றி எந்த மருந்தும் விற்பனைக்கு வர முடியாது. இந்த ஏற்பாடு வெறும் பெயரளவிலானதன்று என்பதற்கு வரலாறே சாட்சி. மெத்தமிடோபொஸ், மொனோகுரோட்டோபொஸ் ஆகியவை 1995 இலும், எண்டோசல்பான் 1998 இலும் தடை செய்யப்பட்டன. பரகுவாட், டைமெதோயேட், பென்தியோன் ஆகியவை 2008 முதல் 2011 வரையான காலத்தில் படிப்படியாக நீக்கப்பட்டன. 1995 ஐத் தொடர்ந்த பத்தாண்டு காலத்தினுள் நாட்டின் தற்கொலை வீதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. உலக நாடுகள் எடுத்துக்காட்டாகக் கொள்ளும் சாதனை இது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அத்தடைகள் ஆஸ்பத்திரிகளில் நேர்ந்த மரணங்களை எண்ணி எடுக்கப்பட்ட முடிவுகள். மரணத்தில் முடியாத தளர்ச்சியையும் நடுக்கத்தையும் மறதியையும் எண்ணி எடுக்கப்பட்ட முடிவுகள் எத்தனை என்று கேட்டால் எம்மிடம் பதில் இல்லை.

எலிக்கும் எமது தொழிலாளிக்கும் உள்ள தூரத்தையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஆய்வுகூட எலிக்கு வெப்பநிலை ஒழுங்குபடுத்தப்பட்ட அறை, வேளைக்கு உணவு, பெரும்பாலும் ஒரே ஒரு தூய இரசாயனம். மலையில் மருந்தடிப்பவருக்குச் செங்குத்தான சரிவு, முதுகில் கசியும் தாங்கி, வியர்வையில் நனைந்த சட்டை, எதிர்க்காற்று. மரக்கறிக் காணியில் ஒரே தாங்கியில் இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து அடிப்பவர்களும் உளர். போதிய உணவின்றி இளைத்த உடலோடு வேலைக்கு வருபவர்களும் உளர். நூறால் வகுக்கும் கணக்கு இவ்வளவையும் தாங்குமா என்பது நியாயமான கேள்வியே. மலையில் விழும் மருந்து மழையோடு ஓடைகளில் இறங்கி, குருந்து ஓயா போன்ற ஆறுகள் வழியே மகாவலியைச் சேர்வதையும் மறந்துவிட முடியாது.

இதற்கிடையே, எலிகளின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. வாயில்லாத உயிரைத் துன்புறுத்தலாகாது என்பது எமது மக்களின் எல்லாச் சமயங்களுக்கும் பொதுவான அறமாகும். கொல்லாமையைத் தலையாய அறங்களுள் ஒன்றாக வைத்தது தமிழ் மரபு. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையையும், தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவருக்குக் கிடைத்த மன்னிப்பையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துக் கூறியதை முஸ்லிம் சகோதரர்கள் நன்கறிவார்கள். பௌத்தமும் இதையே போதிக்கின்றது. 1907 ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டத்தோடு நெடுங்காலத்தைக் கழித்த நாடு எம்முடையது. விலங்குகளுக்குப் பதிலாக வேறு வழி காணுதல், அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்தல், அவற்றின் துன்பத்தைத் தணித்தல் என்ற மூன்று நெறிகளை ரசல், பேர்ச் என்ற இரு ஆங்கிலேயர் 1959 இல் வகுத்தார்கள். இன்று வரிக்குதிரை மீனின் நுண்ணிய குஞ்சுகளின் நீச்சலைக் கமெராவால் அளப்பதும், கண்ணாடித் தட்டில் வளர்த்த நரம்புக் கலங்களைச் சோதிப்பதும் அந்நெறியின் வழியில் வளர்ந்து வருகின்றன. எலியைக் கையிலெடுத்து வருத்தாமல் தூர இருந்தே அளக்கும் கணனிப் பெட்டியும் ஒரு வகையில் துன்பம் தணிக்கும் கருவியே.

எனினும் எலிகள் முற்றாக விடுவிக்கப்படும் நாள் இன்னும் வரவில்லை. அதுவரை ஒரு கடமை எஞ்சி நிற்கின்றது. மனித நலத்துக்கென்று ஓர் உயிரைத் துன்புறுத்திப் பெற்ற உண்மையை மறைத்து வைப்பவர் இரட்டைத் தவறு செய்கின்றார். எலிக்கு இழைத்தது ஒன்று. அந்த உண்மையை அறியாமலே மருந்துத் தாங்கியைச் சுமக்கும் மனிதருக்கு இழைப்பது மற்றொன்று.

என்ன செய்யலாம்? பெருஞ்செலவின்றிச் செய்யக் கூடியவற்றையே நாம் கேட்கின்றோம். ஒரு மருந்தைப் பதிவு செய்யும்போதும் புதுப்பிக்கும்போதும், வேறு எந்த நாட்டிடமாவது சமர்ப்பிக்கப்பட்ட நரம்பு நச்சு ஆய்வுகள் அனைத்தையும், குட்டி எலிகளின் நடமாட்டக் கணக்கு உட்பட, மூலத் தரவுகளோடு தருமாறு கம்பனிகளிடம் கோர வேண்டும். அவற்றின் சுருக்கம் சிங்களத்திலும் தமிழிலும் சாதாரண மனிதருக்கு விளங்கும் மொழியில் வெளியிடப்பட வேண்டும். மூலத் தரவைப் படித்து மறுகணிப்புச் செய்யும் ஆற்றல் பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் உள்ள எமது பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கற்பிக்கப்பட வேண்டும். அதற்கு எலி கூடத் தேவையில்லை. கணனியும் கணித அறிவும் போதும்.

அடுத்து, மனிதரை எண்ணத் தொடங்க வேண்டும். ஓகனோபொஸ்பேற், காபமேற் வகைப் பூச்சிநாசினிகள் நரம்புகளுக்கிடையே செய்தியைக் கடத்தும் பொருளைச் சிதைத்து ஓய்வு தரும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியத்தை முடக்குகின்றன. அந்நொதியத்தின் அளவைச் சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே அறியலாம். மருந்தடிக்கும் பருவத்துக்கு முன் ஒரு தடவையும், இடையிடையேயும் பரிசோதித்து, அளவு இறங்கியவரை வேறு வேலைக்கு மாற்றும் ஏற்பாடு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1974 முதல் சட்டமாக உள்ளது. அரை நூற்றாண்டுக்கு முன்னர் அங்கு இயன்றது, வலப்பனையின் தோட்ட வைத்திய நிலையங்களிலும் கிராமிய ஆஸ்பத்திரிகளிலும் இன்று இயலாது என்று கூறுவதற்கில்லை. இப்பூச்சிநாசினிகளைப் பயன்படுத்தும் மரக்கறிச் செய்கையாளர்களிலிருந்தாவது இதனைத் தொடங்கலாம்.

மருந்துக் கடை நடத்துவோருக்கும் ஒரு பங்குண்டு. போத்தலின் நிறம் உடனடி மரண ஆபத்தை மட்டுமே குறிக்கின்றது என்பதையும், பச்சைப் பட்டைக்கும் கையுறையும் முகக்கவசமும் வேண்டும் என்பதையும் வாங்க வருபவரிடம் ஒரு வார்த்தை சொல்வது அவர்களது வியாபாரத்தைக் குறைத்துவிடாது. தொழிற்சங்கங்களும் சம்பளப் பேச்சுவார்த்தையோடு பாதுகாப்பு அங்கியையும் இரத்தப் பரிசோதனையையும் தம் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

ஒரு கண்ணாடிப் பெட்டியில் எலி ஒன்று வழக்கத்தை விடப் பத்து அடி குறைவாக நடந்தால் கணனி அதைக் குறித்துக் கொள்கின்றது. மருந்தடித்துவிட்டு வரும் தொழிலாளி லயத்துப் படிகளில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கி ஏறினால் அதைக் குறித்துக் கொள்ள எவரும் இல்லை. எலியின் கணக்கை வெளியே கொண்டு வருவதும், தொழிலாளியின் கணக்கைத் தொடங்கி வைப்பதும் ஒரே கடமையின் இரண்டு பாதிகள் என்பதே எமது கருத்தாகும். சம்பந்தப்பட்டவர்கள் இதில் கவனம் செலுத்துவார்களென எதிர்பார்க்கின்றோம்.